அறுபத்து நான்கில் முப்பத்திரண்டு

1

அப்பாவின் இரண்டாம் வருட நினைவு ஜெபக்கூட்டத்தை நான் ஜெர்மனியில், வேலைக்குப் போகும் டிராமில் நின்றுகொண்டு கைபேசியில் பார்த்தேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். கைபேசியை யாரோ டிவி அலமாரியின் உச்சியில் சாய்த்து வைத்திருந்ததால் எனக்குக் கிடைத்ததெல்லாம் மின்விசிறியும், பாடுகிறவர்களின் தலை வகிடுகளும்தான். அம்மாவின் வகிட்டை மட்டும் அடையாளம் தெரிந்தது. மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்திருக்க, அவள் நிமிர்ந்து மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தாள். டிராமில் வாய்விட்டுப் பாட முடியாது. உதட்டை மட்டும் அசைத்தேன்.

போதகர் ஆசீர்வாதம் சொல்லி, கேசரியும் மிக்சரும் காபியும் வந்த பிறகு, எதிர்வீட்டு சாரதா அக்கா கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"சுகந்தி, உங்கம்மா உங்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. காலைல விழுந்தவங்க, தண்ணி கேன் போடற முருகன் வந்து கதவைத் தட்டற வரைக்கும் தரையிலேயே கெடந்திருக்காங்க."

"சாரதா, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"நான் சொல்லத்தான் போறேன் டீச்சர். முருகன் வந்து என்கிட்ட சொல்றான், 'இன்னாக்கா, டீச்சர் வூட்ல ஃபேன் ஓடுது, லைட் எரியுது, ஆனா ஆள் கொரலே காணோம்'னு. அவன் சொல்லலைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது."

அம்மா, அதாவது ரோஸ்லின் டீச்சர், குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எழுபதைத் தாண்டிவிட்டாள். நான் ஒரே பெண். அப்பா போன பிறகு அந்த வீட்டில் அவள் மட்டும்தான்.

நாங்கள் இங்கே வீடு பார்த்தபோது மூன்று படுக்கையறை வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மூன்றாவது அறை அம்மாவுக்கும் அப்பாவுக்கும். அதில் தாழ்வான கட்டில், கைப்பிடி வைத்த நாற்காலி, ஜன்னலோரம் படிக்க ஒரு விளக்கு எல்லாம் உண்டு. குளியலறைச் சுவரிலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்து வைத்திருக்கிறேன். என் மகன் ஜோயல் அதை 'ஓமா ரூம்' என்பான். பத்தாவது படிக்கிறான். அம்மாச்சி என்ற சொல் அவன் வாயில் தங்கவில்லை, இந்த ஊர்ப் பிள்ளைகள் பாட்டியைக் கூப்பிடும் ஓமாதான் தங்கியிருக்கிறது. அப்பா ஒரே ஒரு முறை அம்மாவோடு சுற்றுலா விசாவில் வந்து அந்தக் கட்டிலில் படுத்தார். அதன் பிறகு அந்த அறையில் யாரும் படுக்கவில்லை. நான் மட்டும் வாரம் ஒரு தடவை தூசி தட்டுகிறேன்.

சாரதா அக்கா பேசி முடித்ததும் டிராமிலிருந்து என் நிறுத்தத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன். என்ன ஆனாலும் அம்மாவை அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்ததும் அங்கேதான்.

2

நான் பார்ப்பது சர்வர் பராமரிப்பு வேலை. ஆஸ்பத்திரிக் கட்டில்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிகள், அடித்தளத்தில் குளிரூட்டிய ஓர் அறையில் அடுக்கடுக்காக நிற்கின்றன. எனக்குக் கீழே கார்த்திக் வேலை பார்க்கிறான். பள்ளிக்கரணைப் பையன், முப்பதைத் தொட்டவன், போன வருடம்தான் இங்கே வந்தான். முதல் நாளே என் பேச்சில் இருந்து ஊரை மோப்பம் பிடித்து "அக்கா, நீங்க தாம்பரம் சைடா?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து எனக்கு அலுவலகத்தில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது.

ஜெபக்கூட்டம் நடந்த அதே வாரம் கிடங்குக்காரர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது. அவர்களுடைய சரக்குக் கணக்கு பார்க்கும் கணினி நிரல் ஆமை வேகத்தில் ஓடுகிறது. அது மிகப் பழைய நிரல். பழைய இயங்குதளத்தில், அதாவது பழைய ஓ.எஸ்.ஸில்தான் ஓடும், புதியதற்கு மாற்றினால் படுத்துவிடும். அந்த சர்வரைத் திறந்து பார்த்தோம். மெமரி செருகும் ஸ்லாட்டுகளில் பாதி காலி.

"அக்கா, எவ்ளோ எடம் சும்மா இருக்கு பாருங்க. ஓரங்கட்டின மெஷின்ல இதே மாடல் மெமரி இருக்கு. ரொப்பிடலாமா?"

"ரொப்பிடலாம்," என்றேன் நானும்.

சனிக்கிழமை காலையில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சர்வரை நிறுத்தி, மெமரியைச் செருகினோம். முப்பத்திரண்டு ஜிபி இருந்தது, அறுபத்து நான்கு ஆயிற்று. மின்சாரம் கொடுத்ததும் இயந்திரம் முதலில் தன் கைகால்களைத் தானே எண்ணிப் பார்க்கும். அறுபத்து நான்கையும் சரியாக எண்ணியது. கார்த்திக் கையைத் தட்டினான். பிறகு இயங்குதளம் எழுந்தது. அதன் விவரப் பக்கத்தைத் திறந்தேன். பொருத்தப்பட்ட மெமரி அறுபத்து நான்கு, பயன்படுத்தக்கூடியது முப்பத்திரண்டு என்று காட்டியது.

கழற்றி மாட்டினோம், ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தோம். எண் அசையவில்லை. பிறகுதான் கார்த்திக் அந்த இயங்குதளத்தின் ஆவணத்தைத் தேடி எடுத்தான். அது சாதாரணப் பதிப்பு. சாதாரணப் பதிப்புக்கு முப்பத்திரண்டு ஜிபிதான் உச்சவரம்பு. அதே இயங்குதளத்தின் விலை கூடிய பதிப்பு என்றால் இரண்டு டெராபைட் வரை ஏற்கும், அதாவது அறுபது மடங்குக்கும் மேலே. அடுத்தடுத்து வந்த புதிய தலைமுறைகளில் சாதாரணப் பதிப்புக்கே இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எங்களிடம் இருந்ததோ பழைய தலைமுறை, அதிலும் சாதாரணப் பதிப்பு. மதர்போர்டு தாங்கும், பிராசசர் தாங்கும், மெமரியிலும் குறையில்லை. ஏற்பதில்லை என்று இயங்குதளத்தில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எங்கள் மேலாளர் திருமதி ஹோல்ஸ் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. இந்த ஊர்க்காரர் ஒருவர் முதலில் ஆவணத்தைப் படித்திருப்பார், பிறகுதான் திருப்புளியை எடுத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் தாம்பரம் - பீச் மின்ரயிலில் வளர்ந்தவர்கள். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நாலாவது ஆள் வந்து நின்றால் யாரும் சட்டம் பேச மாட்டார்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பதற்குள் மூன்று பேரும் தானாக இடுப்பை ஒடுக்கிக்கொள்வார்கள். அம்மா அந்த நாலாவது இடத்தில் ஒட்டிக்கொண்டுதான் வருடக்கணக்கில் குரோம்பேட்டைக்குப் போய் வந்தாள், மடியில் விடைத்தாள் கட்டோடு. இடம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆளை ஏற்றிவிடலாம் என்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறிப்போனது.

3

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு நேரம் கிடைக்க சில வாரங்கள் ஆயின. வங்கிக் கணக்கு, வீட்டின் சதுர அடி, காப்பீட்டுக்கான ஒப்புதல் எல்லாவற்றையும் எடுத்துப் போனேன். வீட்டின் வரைபடத்தில் மூன்றாவது அறையை மஞ்சள் பேனாவால் வண்ணமடித்திருந்தேன். என் கணவர் செல்வின் அதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு இது, ரூமைப் பாத்து மயங்கிடுவாங்களா?" என்று கிண்டல் செய்தார். நான் மயங்குவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி என் வயதுப் பெண். நல்லவள், குறை சொல்ல முடியாது. பதற்றத்தில் நான் அவளை 'நீ' என்று விளித்துவிட்டேன். என் ஜெர்மன் பாதிக்கு மேல் ஜோயலின் மழலையர் பள்ளி வாசலில் கற்றது, அங்கே எல்லோரும் நீதான். தாம்பரம் தாலுகா ஆபீசில் போய் தாசில்தாரை வா போ என்று பேசியதைப் போல ஆகிவிட்டது. அவள் ஒரு கணம் நிறுத்தி, 'நீங்கள்' என்பதைச் சற்று அழுத்திச் சொல்லிப் பேச்சைத் தொடர்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

அவள் சொன்னதன் சாரம் இதுதான். வேலைக்காக வந்தவர்கள் பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள இப்போது ஒரு புதிய விதி இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு முதல் அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அது. நான் அதற்கு வெகு காலம் முன்பே வந்தவள். எனக்குப் பழைய விதி. பழைய விதியில் அசாதாரணமான இன்னல் இருந்தால் மட்டுமே பெற்றோர் வரலாம்.

"விழுந்துவிட்டார். தனியாக இருக்கிறார்," என்றேன்.

"இப்போது எழுந்து நடக்கிறாரா?"

"நடக்கிறார்."

"தானே சமைத்துச் சாப்பிடுகிறாரா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் அது அசாதாரணமான இன்னல் இல்லை," என்றாள் மெதுவாக. அதைச் சொல்ல அவளுக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அம்மா எழுந்து நடமாடாத நிலைக்கு வந்தால் விண்ணப்பிக்கலாம். அப்போது அவளால் விமானம் ஏற முடியுமா என்பது வேறு அலுவலகத்தின் கவலை. நான் குடியுரிமை வாங்கிக்கொண்டால் மாறுமா என்று கேட்டேன். அதனாலும் மாறாதாம். சுற்றுலாவுக்கு மூன்று மாதம் வரலாம், தாராளமாக. மஞ்சள் அடித்த அறையை அவள் பார்த்தாள். "அழகான அறை," என்றாள்.

மறுநாள் கார்த்திக்கிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது. அவனுடைய அப்பா அம்மாவுக்கு அனுமதி கிடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது, எனக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். போன வருடம் வந்தவன், புதிய விதி.

"அக்கா, நான் கஷ்டப்பட்டு ஒண்ணும் பண்ணலக்கா. லேட்டா வந்தேன், அவ்ளோதான்."

"உம்மேல என்னடா தப்பு," என்றேன். தப்பில்லைதான். ஆனாலும் அன்று முழுவதும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் இந்த ஊர் ரொட்டியை வெட்டக் கற்றுக்கொள்வதற்குள் அவன் அம்மா வந்து தோசை ஊற்றப் போகிறாள். நானோ இத்தனை வருடம் இங்கே வரி கட்டியிருக்கிறேன்.

4

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கைபேசியைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஜோயலை உட்கார வைத்தேன். "ஹாய் ஓமா, ஹவ் ஆர் யூ?" என்றான். "ஃபைன் ராஜா. சாப்டியா?" என்றாள். "யெஸ்" என்று எழுந்து போய்விட்டான். இருவருக்கும் நடுவில் இப்போதெல்லாம் இவ்வளவுதான். அம்மாவின் பார்வை அவன் போன திசையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"என்ன சொன்னாங்க பாப்பா?"

"முடியாதுன்னுட்டாங்கம்மா."

"ஏன், எடம் பத்தாதா?"

"எடமெல்லாம் இருக்கு. விதியில எடமில்ல."

புரியவில்லை என்றாள். தேதி, அனுமதி, இன்னல், கார்த்திக்கின் பெற்றோருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று ஜெர்மன் சட்டத்தைத் தாம்பரத் தமிழில் சொல்லப் போனால் எனக்கே குழம்பியது. கடைசியில், கிடங்குக்காரர்களின் சர்வர் கதையைச் சொன்னேன். அறுபத்து நான்கு பொருத்தினோம், முப்பத்திரண்டைத்தான் எடுத்துக்கொண்டது என்று. அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் எண்ணைக் காட்டினால் விட மாட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இரு இரு. கணக்குல இடிக்குதா, இல்ல யாராவது வேணாம்னு சொல்லி வெச்சிருக்காங்களா?"

நல்ல கேள்வி. எங்கள் துறையில் இரண்டும் உண்டு.

"ரொம்ப பழைய மெஷின்ல கணக்குலதான்மா இடிச்சுது. மெமரியில ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு கதவு நம்பர் இருக்கும். அந்த நம்பர் எழுத முப்பத்திரண்டு கட்டம்தான் குடுத்திருந்தாங்க. ஒரு கட்டத்துல பூஜ்யம் இல்லன்னா ஒண்ணு. அதுக்கு மேல எழுத வழியில்ல."

"ரெண்டோட முப்பத்திரண்டாவது அடுக்கு," என்றாள் அம்மா. கண்ணை மூடினாள். "பத்தாவது அடுக்கு ஆயிரத்துச் சொச்சம். முப்பதாவது நூறு கோடிக்கு மேல. அதுல நாலு மடங்கு. நானூத்தி இருபத்தொம்பது கோடி வரும்."

"அதேதான். நாலு ஜிபின்னு சொல்வோம். அதுக்கு மேல போக முடியாது."

"அது நியாயம். கட்டமே இல்லன்னா எங்க போய் எழுதறது? சரி, இப்ப இருக்கிற மெஷின்?"

"இதுல கட்டமெல்லாம் தாராளமா இருக்கும்மா. ஆனா இந்தப் பதிப்புக்கு இவ்ளோதான்னு செஞ்சவங்க எழுதி வெச்சிட்டாங்க."

"புதுசா வந்ததுல?"

"அதுல இந்தத் தொல்லை இல்ல."

"அதாவது, கார்த்திக் வீட்டுக்காரங்களுக்கு இல்ல," என்றாள்.

நான் அப்படி ஒப்பிட்டுச் சொல்லியிருக்கவில்லை. இரண்டையும் இணைத்தவள் அம்மாதான். மறுபடியும் கத்தியை எடுத்து இரண்டு பீன்ஸை நறுக்கினாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதால் சேர்ந்து அழலாம் என்றும் இருந்தேன். அவள் வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"சரி, அந்த மீதி முப்பத்திரண்டை என்ன பண்ணீங்க?"

"கழட்டிட்டோம்மா."

"கழட்டி?"

"அதே மாடல்ல பக்கத்துல இன்னொரு மெஷின் இருக்கு. அதுல புது பதிப்பு ஓடுது. அதுல மாட்டிட்டோம். இப்ப அது நல்லா ஓடுது."

"எடுத்துக்காத மெஷின்லயே சும்மா இருந்துட்டுப் போகட்டும்னு விடல."

"சும்மா எதுக்கு இருக்கணும்? கரண்ட் வேற இழுக்கும்."

அம்மா தலையாட்டினாள். விடை சரியாக வந்த கணக்கின் கீழே சின்ன டிக் போடும்போது அவள் அப்படித்தான் தலையாட்டுவாள்.

"அம்மா, கோவமா?"

"யார் மேல கோவப்படறது? சரி பாப்பா. குக்கர் வைக்கணும். வெச்சிடறேன்."

கைபேசி அணைந்தது. நான் மூன்றாவது அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தாழ்வான கட்டிலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். வெளியே ஜோயல் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

5

கார்த்திக்கின் பெற்றோர் வந்த அன்று அவனோடு நானும் விமான நிலையத்துக்குப் போனேன். அவனிடம் கார் இல்லை, என்னிடம் இருந்தது. பெட்டி தூக்க ஜோயலும் வந்தான். வெளியே வந்த கார்த்திக்கின் அம்மா மகனைக் கட்டிக்கொண்ட விதத்தைப் பார்க்க முடியாமல் நான் வாகன நிறுத்தச் சீட்டைப் பைக்குள் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். சீட்டு என் கையில்தான் இருந்தது.

காரில் ஏறியதும் அவர் ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தார்.

"உங்கம்மா குடுத்தாங்க. நாங்க வந்து வாங்கிக்கறோம்னு சொன்னா கேக்கல. தாம்பரத்துலேந்து ஆட்டோ புடிச்சு பள்ளிக்கரணைக்கே வந்துட்டாங்க. சதுப்பு நிலத்துக்கிட்ட ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க, அதுல குலுங்கிக்கிட்டே."

"எனக்கு எதுவும் சொல்லலையே ஆன்ட்டி. என்ன இருக்கு?"

"உன் சாமான்தான் போலருக்கும்மா. ரூமைக் காலி பண்ணாங்களாமே. யாரோ வேலைக்குப் போற பொண்ணு தங்க வர்றாளாம். தெரியாதா உனக்கு?"

"தெரியும்," என்று சொல்லிவிட்டேன். தெரியாது.

"அவங்களுக்கும் ஒரு தொணை ஆச்சு. நீயும் இனிமே நிம்மதியா இருக்கலாம்," என்றார் அவர். வண்டியை ஓட்டிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்றேன். நெடுஞ்சாலையிலிருந்து நான் விலக வேண்டிய திருப்பத்தைத் தவறவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தேன். உள்ளே கல்லூரியில் படம் வரைய வாங்கிய மினி டிராஃப்டர், ஞாயிறு பள்ளியில் வேதவசனப் போட்டிக்குக் கொடுத்த உள்ளங்கை அளவுக் கோப்பை, பத்தாம் வகுப்பில் போட்டிருந்த கறுப்புச் சட்டக் கண்ணாடி, குளிர்காலத்துக்கென்று அம்மா பின்ன ஆரம்பித்துப் பாதியில் விட்ட ஊதா ஸ்வெட்டர். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தாள். இருபது வருடமாக என் அறை அலமாரியில் அசையாமல் இருந்த பொருட்கள். ஊருக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்து அவை இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டு மூடிவிடுவேன். எடுத்ததில்லை.

ஜோயல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டான். "உன் ரூம்ல வேற யாராவது இருக்காங்களா மம்மா?" என்று ஜெர்மனில் கேட்டான்.

"ஆமாம்."

"நீதான் அங்கே இல்லையே. அதனால என்ன?" என்றான். துடுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். கொஞ்சம் பொறுத்து, "அப்ப ஓமா ரூமை நான் எடுத்துக்கலாமா?" என்றான்.

இல்லை என்று கத்திவிட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனான். பையை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தாழ்வான கட்டிலில் வைத்தேன். அம்மா மேல் எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம்? யாரோ ஒருத்திக்கு? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த வாரம் நான் அழைக்கவில்லை. அவளும் அழைக்கவில்லை.

6

அப்படியே இன்னும் சில நாள் போயிருக்கும். மழைதான் கெடுத்தது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீர், பெரும்பாக்கத்தில் படகு விட்டிருக்கிறார்கள் என்று கார்த்திக் வேலைக்கு நடுவே வந்து சொன்னான். சர்வர் அறைக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாது. மேலே பெட்டகத்தில் இருந்தது. அதை எடுக்கப் போகும் பொறுமை இல்லாமல், அறை வாசலில் சுவரில் இருக்கும் அலுவலகத் தொலைபேசியிலிருந்தே அழைத்தேன். தாம்பரத்தில் அப்போது பிற்பகல்.

நெடுநேரம் மணி அடித்த பிறகு ஒரு பெண்குரல் எடுத்தது. இளம் குரல், தெற்கத்தி இழுவை.

"ஹலோ, யாருங்க?"

என் அம்மாவின் எண்ணில் என்னை யார் என்று கேட்டது அதுதான் முதல் முறை.

"நான்... டீச்சரோட பொண்ணு."

"ஐயோ, அக்காவா! புது நம்பரா இருக்கவும் தெரியல. நான் பவித்ரா. தேனிப் பக்கம். பெருங்குடில வேலை பாக்கேன். ரோடு பூரா தண்ணி, அதான் வீட்ல இருந்தே வேலை. டீச்சர் தூங்குறாங்க. எழுப்பட்டுமா?"

"தூங்கறாங்களா?"

அப்பா போனதிலிருந்து அம்மா பகலில் கண்ணயர்ந்ததில்லை. இரவிலும் சின்னச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள் என்று சாரதா அக்கா சொல்லியிருக்கிறார்.

"நல்லாத் தூங்குறாங்கக்கா, குறட்டை எல்லாம் விட்டு. நேத்து நைட்டு கரண்டு போச்சு, ரெண்டு பேரும் மெழுகுவர்த்தி வெச்சுக்கிட்டு தாயம் ஆடினோம். என்னையத் தோக்கடிச்சிட்டாங்க. எழுப்பட்டுமா?"

"வேணாம்மா. தூங்கட்டும்." பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை. "பாத்ரூம் போகும்போது..."

"கதவைத் தாழ் போடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்க்கா. குளிக்கப் போனா நான் வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன். உள்ள இருந்தே எனக்கு வாய்ப்பாடு கேப்பாங்க. பதினேழாம் வாய்ப்பாடு வரலைன்னா அடுத்த நாளும் கேப்பாங்க."

சிரித்தேன். நான் அடித்து வைத்த குளியலறைக் கம்பி இங்கே பளபளவென்று இருக்கிறது. அங்கே ஒரு ஸ்டூல் போதுமாக இருந்திருக்கிறது. அம்மா பத்திரமாக இருக்கிறாள். எனக்கு வேண்டியது அதுதானே என்று நூறு முறை சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையும்கூட. ஆனாலும் அந்த இடத்தில் இருப்பது நானில்லை என்பது என்னை அறுத்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கார்த்திக் ஒரு சர்வரின் முன்னால் குனிந்து நின்றான். நாங்கள் கழற்றிய முப்பத்திரண்டை மாட்டிய இயந்திரம் அது. பச்சை விளக்குகள் சீராக எரிந்துகொண்டிருந்தன.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். டீச்சர்கிட்ட கேட்டா, 'அது அவளுக்குத்தான் தெரியும்'னு சொல்லிட்டாங்க."

"சொல்லும்மா."

"நம்ம ரூம்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "உங்க ரூம்ல தெருப்பக்க ஜன்னல் இருக்குல்ல, அதுல இடப்பக்கக் கதவு சாத்தவே மாட்டேங்குது. சாரல் உள்ள வந்து மெத்தை எல்லாம் நனையுது. நீங்க எப்படிச் சாத்துவீங்க?"

மழைக்காலத்தில் அந்தக் கதவு ஊறி உப்பிக்கொள்ளும். அதைச் சாத்தப் பள்ளியில் படிக்கும்போதே நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அப்பாவுக்கும் வராது, அம்மாவுக்கும் வராது. மழை வந்தால் "சுகந்தி, ஜன்னல்" என்று இருவரும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு கட்டில்ல வைம்மா. ரெண்டு கையும் வேணும்."

"வெச்சிட்டேன்க்கா."

மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. எங்கள் தெருவின் மழை, எதிர்வீட்டுத் தகரக் கொட்டகையின் மேல்.

"கொக்கிக்குக் கீழ ஒரு கையால புடிச்சு, கதவைக் கொஞ்சம் மேல தூக்கு. இன்னும் கொஞ்சம். தூக்கின வாக்கிலேயே முழங்கால அடில குடுத்துத் தள்ளு."

மரம் மரத்தில் உரசியது. பிறகு, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த 'டொக்' சத்தம். மழை சட்டென்று தூரமாகிப் போனது.

"சாத்திக்கிச்சுக்கா," என்றாள் உள்ளேயிருந்து.

"கொக்கியையும் போட்ரு," என்றேன்.